மேடவாக்கம் ஃபிளாட்: இத்தனை நாள் அப்பா பார்த்தார், இனி ஆள் வைக்கலாமா?

#1 பொங்கோல்வாசி · ஞாயிறு இரவு 10:12

வணக்கம். பல வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடவாக்கத்தில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் இருக்கிறது. 1,040 சதுர அடி, மூன்றாவது மாடி. 2014-இல் 48 லட்சத்துக்கு வாங்கினோம். லோன் போன வருடம் முடிந்தது. 2016-இல் சிங்கப்பூர் வந்ததிலிருந்து வாடகைக்கு விட்டிருக்கிறோம், இதுவரை மூன்று குடும்பங்கள். இப்போது வாடகை 22,000. மெயின்டனன்ஸ் 3,200-ஐக் குடியிருப்பவரே சங்கத்துக்குக் கட்டிவிடுகிறார். அட்வான்ஸ் ஒரு லட்சம்.

இத்தனை நாளும் அப்பாதான் பார்த்துக்கொண்டார். சேலையூரிலிருந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் போய்வருவார். பிளம்பர், பெயின்டர், சங்கக் கூட்டம், டூ-லெட் போர்டு எல்லாம் அவர் பொறுப்பு. இப்போது 74 வயது. போன தீபாவளிக்கு முன்னால், கீசர் ஒழுகுகிறது என்று பார்க்கப் போன வழியில், கேம்ப் ரோடு பக்கம் மழைத் தண்ணீரில் பள்ளம் தெரியாமல் வண்டியோடு விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டோம். தலையாட்டினார். இப்போது ஆட்டோவில் போகிறார்.

இருக்கிற குடும்பம் அடுத்த மாதக் கடைசியில் காலி செய்கிறது. அப்பாவுக்குப் பதில் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாமா என்று விசாரித்ததில் மூன்று வழி தெரிகிறது:

ஒரு கம்பெனி வாடகையில் 8 சதவீதமும் ஜிஎஸ்டியும் கேட்கிறது. புது ஆள் பிடித்தால் தனியாக ஒரு மாத வாடகை. இன்னொரு கம்பெனிக்கு வருடத்துக்கு 15,000, ஜிஎஸ்டி தனி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டைப் பார்த்துப் படம் அனுப்புவார்கள். ஆள் பிடிப்பது அதில் சேராது. மூன்றாவது, அந்தப் பகுதியில் முன்பு புரோக்கராக இருந்த ஒருவர். மாதம் ஆயிரம், ரசீது கிடையாது.

மனைவி முதல் வழி என்கிறாள். எனக்கு இதெல்லாம் தேவையா என்றே தெரியவில்லை. அப்பாவிடம் இன்னும் பேச்சே எடுக்கவில்லை, அதுதான் பெரிய விஷயம்.

#2 கணக்குப்பிள்ளை · ஞாயிறு இரவு 11:40

முதலில் கணக்கு. 22,000-இல் 8% என்றால் 1,760. அதன் மேல் 18% ஜிஎஸ்டி, ஆக மாதம் 2,077 சொச்சம். வருடத்துக்கு ஏறக்குறைய 24,900. ஆள் மாறுகிற வருடத்தில் இன்னொரு 22,000, அதற்கும் ஜிஎஸ்டி, அது 25,960. இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 50,900. உங்கள் வருட வாடகை 2,64,000. ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. "எட்டு சதவீதம்தான் சார்" என்று சொல்லும்போது இது யார் காதிலும் விழாது.

இரண்டாவது கம்பெனி 17,700. அது 6.7%.

பலருக்குத் தெரியாத ஒன்று. மேனேஜருக்குக் கொடுக்கும் பணத்தை வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது. வீட்டு வாடகை வருமானத்தில், கட்டிய வீட்டு வரியைக் கழித்தபின், மீதியில் 30% கண்ணை மூடிக்கொண்டு கழித்துக்கொள்ளலாம். பெயின்ட் அடித்தாலும் அடிக்காவிட்டாலும், ஆள் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அந்த 30 தான். லோன் வட்டி இருந்தால் அது தனி, உங்களுக்கு அது முடிந்துவிட்டது. ஆகவே "வரியில் கழித்துக்கலாம் சார்" என்று எந்தக் கம்பெனியாவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

#3 லைன்வீடு_கோவை · திங்கள் காலை 6:05

ஏனுங்க, ஒரு ஃபிளாட்டுக்கு எதுக்குங்க மேனேஜரு? எனக்கு ஒண்டிப்புதூர்ல ஆறு லைன் வீடு இருக்குது. மாசம் பொறந்து அஞ்சாம் தேதிக்குள்ள வாடகை வந்துரும். வராட்டி ஞாயித்துக்கிழமை காலைல போய்த் திண்ணைல உக்காந்துக்குவேன். ஒண்ணும் பேச மாட்டேன். அவங்களே காப்பித் தண்ணி குடுத்துப் பணத்தையும் குடுத்துருவாங்க.

ஆளு வெச்சுத்தான் பாக்கோணும்னா அந்தச் சொத்தை வித்துப்போட்டு பேங்க்ல போடுங்க.

#4 பழைய_புரோக்கர் · திங்கள் காலை 9:30

கோவைக்காரர் திண்ணையில உட்காரலாம். சிங்கப்பூர் பொங்கோல்ல இருக்கிறவர் எந்தத் திண்ணையில உட்காருவார்?

நான் பதினாலு வருஷம் வேளச்சேரி, மேடவாக்கம், பள்ளிக்கரணை ஏரியாவுல புரோக்கர் தொழில் பண்ணினவன். இப்போ பதினோரு வீடு பார்த்துக்கறேன். அதனால என் பேச்சை அதுக்கேத்த மாதிரி எடுத்துக்குங்க.

கணக்குப்பிள்ளை சார் செலவை மட்டும்தான் எழுதினார். வீடு ஒரு மாசம் பூட்டிக் கிடந்தா என்ன ஆகும்? 22,000 வாடகை போச்சு, மெயின்டனன்ஸ் 3,200 ஓனர் தலையில. 25,200. மேனேஜருக்கு வருஷம் பூரா கொடுக்கிற 24,900-ஐ விட அது ஜாஸ்தி. ஆள் காலி பண்றதுக்கு முன்னாடியே அடுத்த ஆளைக் கூட்டிட்டு வந்து காட்டி, இவங்க சாமான் ஏத்துற அன்னைக்கே பெயின்டரை உள்ளே விட்டு, பத்தாம் நாள் சாவி கொடுத்தா ஓனருக்கு லாபமா நஷ்டமா? வெளிநாட்டுல இருந்து போன்லயே இதைப் பண்ணிடலாம்னு நினைச்சு மூணு மாசம் பூட்டி வெச்ச ஓனருங்க நிறைய பேர் எனக்குத் தெரியும்.

#5 குடிக்கூலி · திங்கள் மதியம் 1:15

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல். பன்னிரண்டு வருடத்தில் சென்னையில் ஐந்து வாடகை வீடு பார்த்தவன் நான். இரண்டில் மேனேஜர், மூன்றில் நேரடி ஓனர்.

மேனேஜர் இருந்த வீடு ஒன்றில் கீசர் போய் 41 நாள் சுடுதண்ணீர் இல்லை. நான் அவர்களுக்குப் போன் செய்வேன், "டிக்கெட் போட்டாச்சு" என்பார்கள். அவர்கள் ஓனருக்கு மெயில் போடுவார்கள், அவர் அமெரிக்காவில் தூங்குவார். எழுந்து "வேறு விலை கேளுங்கள்" என்பார். இரண்டாவது கொட்டேஷன் வருவதற்குள் என் மாமியார் ஊரிலிருந்து வந்து அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் குளித்துவிட்டுத் திரும்பியும் போய்விட்டார். கடைசியில் நானே 2,800 கொடுத்து மாற்றி வாடகையில் கழித்தேன். அதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

இன்னொன்று. அந்தக் கம்பெனிக்குப் புது ஆள் பிடித்தால் ஒரு மாத வாடகை. நான் ஐந்து வருடம் நிம்மதியாக இருந்தால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? வருடா வருடம் "ஓனர் 10% ஏற்றச் சொல்கிறார்" என்றார்கள். மூன்றாம் வருடம் காலி செய்துவிட்டேன். பிறகு ஓனரிடமே தற்செயலாகப் பேச நேர்ந்தபோது, அவர் ஏற்றச் சொல்லவே இல்லை என்று தெரிந்தது.

ஆனால் இதையும் எழுதிவிடுகிறேன். நேரடி ஓனர் ஒருவரின் தந்தை ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்து நிற்பார். முன்கூட்டிச் சொல்ல மாட்டார். சுவரில் எத்தனை ஆணி என்று எண்ணுவார். பொங்கோல்வாசி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "அப்பா பார்த்துக்கொண்டார்" என்பதை, காலி செய்துபோகிற குடும்பத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள்.

#6 பொங்கோல்வாசி · திங்கள் இரவு 9:50

அனைவருக்கும் நன்றி. குடிக்கூலி, தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை சார், ஒரு சந்தேகம். வாடகை இதுவரை அப்பாவின் கணக்குக்குத்தான் போகிறது. அவர் செலவுக்கும் ஆகட்டும் என்று. ஒப்பந்தம் என் பெயரில். இதில் ஏதாவது...?

#7 கணக்குப்பிள்ளை · திங்கள் இரவு 10:30

கேட்டுவிட்டீர்கள், திட்டாமல் எழுத முயல்கிறேன்.

வீடு உங்கள் பெயரில் இருந்தால் வருமானமும் உங்களுடையது. பணம் எந்தக் கணக்கில் விழுந்தாலும் அப்படித்தான். நீங்கள் என்ஆர்ஐ. ஆகவே குடியிருப்பவர் வாடகை கொடுக்கும்போதே 30% வரியும் அந்த வரித்தொகையின் மேல் 4% செஸ்ஸும், ஆக வாடகையில் 31.2% பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். உங்கள் வாடகைக்கு அது மாதம் 6,864. உள்ளூர் ஓனருக்கு மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால்தான் தனிநபர் பிடிக்க வேண்டும், அதுவும் 2024 அக்டோபரிலிருந்து வெறும் 2%. என்ஆர்ஐக்கு அந்தமாதிரி வரம்பே கிடையாது. பத்தாயிரம் வாடகைக்கும் பிடித்தாக வேண்டும். அதற்காகக் குடியிருப்பவர் டேன் எண் (வரி பிடிப்பவருக்கு வருமான வரித் துறை கொடுக்கும் எண்) வாங்கி, காலாண்டுக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். இதைக் கேட்டதும் பாதிப் பேர் "வேறு வீடு பார்க்கிறோம் சார்" என்று போய்விடுவார்கள்.

உங்களுக்கு நிகரமாக வரி வருமா என்றால், இந்தியாவில் வேறு வருமானம் இல்லாவிட்டால் வராது. 2,64,000-இல் 30% கழிந்தால் 1,84,800. அடிப்படை விலக்கு வரம்புக்குள் அடங்கிவிடும். ரிட்டர்ன் தாக்கல் செய்து பிடித்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். முன்கூட்டியே வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் வாங்கிக் குடியிருப்பவரிடம் கொடுத்தால் இன்னும் சுலபம்.

இனி வாடகை உங்கள் என்ஆர்ஓ கணக்குக்கு (என்ஆர்ஐக்கள் இந்திய வருமானத்துக்காக இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) நேராக வரட்டும். அப்பாவுக்கு அங்கிருந்து மாதா மாதம் அனுப்புங்கள்.

மேனேஜர் விஷயத்துக்கு வருகிறேன். ஆள் வைப்பதானால் இந்த டேன், பிடித்தம், காலாண்டுத் தாக்கல் வேலையைக் குடியிருப்பவருக்குச் செய்துகொடுப்பார்களா என்று கேளுங்கள். அந்த ஒரு வேலைக்காகவே சிலருக்குக் காசு கொடுக்கலாம். வாடகை வசூலுக்கு எதற்குக் காசு? யுபிஐ வந்தபிறகு அது ஒரு வேலையா?

#8 மேடவாக்கம்_மாமி · செவ்வாய் காலை 11:20

நான் மேடவாக்கத்தில்தான் இருக்கிறேன், எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு நாலு வருடமாகச் செயலர். யாரும் நிற்காததால் நான்! 48 வீட்டில் 19 வாடகைக்கு விட்டவை. அதில் ஐந்துக்குக் கம்பெனி மேனேஜர்.

2023 டிசம்பர் மிக்ஜாம் மழை நினைவிருக்கும். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். சம்ப் தொட்டியில் சாக்கடை கலந்துவிட்டது, மோட்டார் முழுகிவிட்டது, மூன்று நாள் கரண்ட் இல்லை. டவர்களும் படுத்துவிட்டதால் போனும் கிடையாது. அந்த மூன்று நாளில் ஒரு மேனேஜரும் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது, அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். கீழ்வீட்டுக் குடித்தனக்காரர்களை மாடிக்கு ஏற்றியது வாட்ச்மேனும் இரண்டாம் மாடிப் பையன்களும்தான்.

ஆனால் தண்ணீர் வடிந்தபிறகு கதை வேறு. கம்பெனி பார்த்த ஐந்து வீட்டில் மூன்றுக்கு ஒரே வாரத்தில் ஆள் வந்து ஸ்விட்ச் போர்டு சோதித்து, சுவரைக் காயவைத்து, கதவைச் சீவி முடித்துவிட்டார்கள். அவர்களுக்கென்று எலக்ட்ரீஷியன், கார்பென்டர் இருக்கிறார்களே! மற்ற ஓனர்கள் எல்லாம் என்னைக் கூப்பிட்டார்கள். "மாமி, யாராவது கார்பென்டர் இருந்தா...". ஊரெல்லாம் கார்பென்டருக்கு அலைந்த நேரம். இரண்டு வீட்டுக்குப் பொங்கலுக்கு அப்புறம்தான் கதவு மூடியது.

மீதி இரண்டு கம்பெனி வீடா? "ஓனர் அப்ரூவல் வரணும்" என்று அவர்களும் பொங்கல் தாண்டினார்கள். அந்த மூன்று வீட்டைப் பார்த்த அதே கம்பெனிதான், ஓனர்கள்தான் வேறு.

அதனால் யாரை வைக்கிறீர்கள் என்பதோடு, அந்த ஆளுக்கு எவ்வளவு தூரம் அதிகாரம் கொடுக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

#9 டல்லாஸ்காரன் · செவ்வாய் இரவு 8:02

இங்கே டெக்சாஸில் அடுத்தவர் வீட்டைக் காசுக்கு வாடகைக்கு விட்டு நிர்வகிக்க மாநில லைசென்ஸ் வேண்டும். தப்புச் செய்தால் அது போகும். என் வீட்டுக்கு ஒருவரை வைத்திருக்கிறேன், வருடத்தில் இரண்டு முறைதான் அவரோடு பேசுவேன். ஊரிலும் அப்படி ஒரு...

#10 லைன்வீடு_கோவை · செவ்வாய் இரவு 8:20

அங்க சாக்கடை அடைச்சா லைசென்ஸ்காரரு வருவாருங்க. இங்க அடைச்சா நாம வேட்டிய மடிச்சுக் கட்டோணும். அடுத்தது சொல்லுங்க.

#11 கோர்ட்வாசல் · புதன் காலை 7:45

நான் வக்கீல் அல்ல, ஒரு வக்கீல் அலுவலகத்தில் 22 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். சட்டம் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன்.

1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் சொத்து மேலாளர் என்று ஒருவரைப் பற்றித் தனியாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆள் வைத்தால் அவர் யார், எதற்கெல்லாம் அதிகாரம், எத்தனை காலத்துக்கு என்பதைக் குடியிருப்பவருக்கு ஓனர் தெரிவிக்க வேண்டும். ரசீது கொடுத்து வாடகை வாங்குவது, ஓனர் சார்பில் பழுது பார்ப்பது, வீட்டைப் பார்வையிடுவது, நோட்டீஸ் கொடுப்பது ஆகியவை அவர் கடமைகள். வீட்டுக்குள் நுழைய 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும். இது ஓனருக்கும் பொருந்தும், ஓனரின் தந்தைக்கும் பொருந்தும்! வாடகை பாக்கி என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் மேலாளரும் மாட்டுவார்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். ஆன்லைனிலேயே செய்யலாம். பாதிப் பேர் பத்திரத்தில் 11 மாதம் என்று எழுதி பீரோவில் வைத்துவிடுகிறார்கள். சண்டை வரும் நாளில்தான் அந்தக் காகிதத்தின் பலம் தெரியும்.

சட்டத்தின் பின்னிணைப்பில் யார் எதைப் பழுது பார்ப்பது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் லைன் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் பாடு. குழாய் வாஷர், ஸ்விட்ச், பிளக், கீசர் பழுது, பூட்டு, சாக்கடை சுத்தம் இதெல்லாம் குடியிருப்பவர் பாடு. சென்னையில் பெயின்டுக்கென்று அட்வான்சில் ஒரு மாத வாடகையைப் பிடிக்கிறார்களே, அந்த வழக்கம் இந்தப் பட்டியலுக்கு நேர் எதிர். குடிக்கூலியின் கீசரும் பட்டியல்படி அவர் பொறுப்பில்தான் வருகிறது, மன்னிக்கவும்.

கடைசியாக, பவர், அதாவது நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம். எந்தக் கம்பெனியாவது "ஜெனரல் பவர் கொடுத்துடுங்க சார், சௌகரியம்" என்றால் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட, பதிய, ரென்ட் கோர்ட்டில் ஆஜராக என்று எண்ணி எண்ணி எழுதிய ஸ்பெஷல் பவர் போதும். "விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். அதையும் அப்பா பெயரில் கொடுங்கள், கம்பெனி பெயரில் வேண்டாம். சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பினால், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். அந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டு அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

#12 குடிக்கூலி · புதன் காலை 8:10

பட்டியலில் கீசர் என் தலையிலா! 41 நாள் வீண். :)

#13 பழைய_புரோக்கர் · புதன் இரவு 9:05

கோர்ட்வாசல் ஐயா எழுதினதுல பவர் விஷயத்தைப் பொன் எழுத்துல எழுதி வெச்சுக்கலாம்.

குடிக்கூலி தம்பி சொன்னதும் நிஜம். ஆள் மாறினா காசுன்னா ஆளை மாத்தத்தான் தோணும், என்னையும் சேர்த்துத்தான். அதனால நான் இப்போ ஓனர்கிட்ட வேற மாதிரி பேசிக்கறேன். புது ஆளுக்கு அரை மாசம் போதும். அந்த ஆள் ரெண்டு வருஷம் தாண்டினா மீதி அரை மாசம் கொடுங்க.

பொங்கோல் சாருக்கு மூணு யோசனை. அட்வான்ஸ் பணம் யார் கணக்குல இருக்கும்னு முதல்ல கேளுங்க. அது மேனேஜர் கணக்குக்குப் போகவே கூடாது. அவன் கடையை மூடிட்டுப் போனா குடியிருக்கிறவருக்கு நீங்கதான் திருப்பித் தரணும். அடுத்து, ஒரு தொகை வரைக்கும் கேட்காமலே செலவு பண்ணலாம்னு எழுதிக் கொடுங்க, பில்லோட. அது இல்லாம 300 ரூபாய் வாஷருக்கும் உங்களை எழுப்புவான். மூணாவது, அவன் கொண்டுவர்ற பிளம்பர் பில்லுல அவனுக்கு எவ்வளவுன்னு கேளுங்க. எல்லாரும் வாங்குறாங்க. "பத்து சதவீதம் எடுத்துப்பேன்"னு வாய்விட்டுச் சொல்றவனை நம்பலாம்.

அந்த மாசம் ஆயிரம் ரூபாய் ஆளைப் பத்தி: நல்லவரா இருக்கலாம், என்னை மாதிரி. ஆனா ரசீது இல்லாத ஆளை வெளிநாட்டுல இருந்து வைக்காதீங்க. பக்கத்துத் தெருவுல இருந்தா வைக்கலாம்.

#14 பொங்கோல்வாசி · ஞாயிறு இரவு 11:05

இரண்டு பேச்சுவார்த்தை முடிந்தது.

முதலில் காலி செய்கிற குடித்தனக்காரர். கேட்டதும் சிரித்தார். "அங்கிள் வந்தா ரெண்டு மணி நேரம் பேசுவார் சார். வொர்க் ஃப்ரம் ஹோம்ல இருக்கும்போது கொஞ்சம் கஷ்டம். ஆனா குழாய் அன்னைக்கே சரியாயிடும்" என்றார். லாரி தண்ணீர் வந்த ஒரு கோடையில் அப்பாவே சங்கத்தோடு சண்டை போட்டு இவர்கள் வீட்டுக்கு நேரம் மாற்றிக் கொடுத்தாராம். எனக்குத் தெரியாது.

அப்புறம் அப்பா. நேரடியாகச் சொல்லத் தைரியம் வராமல், "ஒரு கம்பெனிக்காரங்க கேட்டாங்க" என்று ஆரம்பித்தேன். ஒரு நிமிடம் பேசவே இல்லை. பிறகு, "எவ்வளவு கேக்கறான்?" என்றார். சொன்னேன். "மாசம் ரெண்டாயிரமா? நான் பத்து வருஷம் பார்த்தேனே, எனக்கு எவ்வளவு பாக்கி?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அம்மா போனை வாங்கி, "மனுஷனுக்கு வாரத்துல ஒரு நாள் வெளியே போக அதுதான் சாக்கு. அதையும் பிடுங்கறியா" என்றாள்.

பிறகு அப்பாவே ஒரு டைரியைப் படம் எடுத்து அனுப்பினார். 2016-இலிருந்து எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். மோட்டார் காயில் கட்டியது 1,900, பாத்ரூம் சீப்பேஜ் 6,400, வாட்ச்மேன் தீபாவளி 500. பெட்ரோல் மட்டும் எங்கேயும் இல்லை. நான் எப்போதும் "அப்பா இருக்கார், செலவில்லை" என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இங்கேயும் அந்த அர்த்தத்தில்தான் எழுதினேன்.

#15 மேடவாக்கம்_மாமி · திங்கள் காலை 10:40

அம்மா சொன்னது சரி. எங்கள் சங்கத்தில் இப்படி மூன்று நான்கு அப்பாக்கள் உண்டு. மகன் ஃபிளாட்டைப் பார்க்க வருகிறேன் என்று வருவார்கள். பத்து நிமிட வேலை, ஒரு மணி நேரம் பெஞ்சில். அவர்களை வீட்டில் உட்கார வைத்துவிட்டால் வேறு வியாதி வரும். ஆனால் மணிக்கட்டு முறிந்தவர் ஏணி மேல் ஏறி டேங்க் பார்க்கக் கூடாது, அதுவும் உண்மை.

கம்பெனியை நீங்கள் வைக்க வேண்டாம், அவரை வைக்கச் சொல்லுங்கள். இரண்டு கம்பெனிக்காரரையும் சேலையூருக்கே அனுப்புங்கள். அவர் கேட்கிற கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்களோ அவர்கள்.

ஆள் பிடிக்க ஒரு மாத வாடகை தர வேண்டாம். விவரம் தனிச்செய்தியில் அனுப்புங்கள், மேடவாக்கத்துச் சங்கங்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, அதில் போடுகிறேன்.

#16 லைன்வீடு_கோவை · திங்கள் மதியம் 12:30

மாமி சொல்றது நல்ல யோசனைங்க. எங்கய்யன் எண்பத்தோரு வயசு வரைக்கும் வாடகை நோட்ட எங்கிட்டக் குடுக்கவே இல்லீங்க. குடுத்த அன்னைக்கு நோட்டோட பேனாவையும் சேர்த்துக் குடுத்தாரு. அந்தப் பேனாவுல இங்க்கே இல்ல.

#17 பொங்கோல்வாசி · இரண்டு மாதம் கழித்து, சனி மாலை 6:15

விவரம் கேட்டவர்களுக்கு.

8% கம்பெனிக்காரர் அப்பாவிடம் வரவில்லை, "ஆன்லைனில் பேசிக்கொள்ளலாம்" என்றார். அங்கேயே அவர் கதை முடிந்தது. 15,000 கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். அப்பா கேட்ட முதல் கேள்வி, "சம்ப் மோட்டார் ஏர்லாக் ஆனா என்ன பண்ணுவே?" அவன் சரியாகச் சொல்லிவிட்டான். ஐடிஐ படித்தவனாம். காபி கிடைத்தது.

எழுதிக்கொண்டது இப்படி. வருடம் 15,000, ஜிஎஸ்டி தனி. 3,000 வரை கேட்காமல் செலவு செய்யலாம், பில்லும் படமும் கட்டாயம். வாடகை என் என்ஆர்ஓ கணக்குக்கு, அட்வான்சும் அங்கேயே. இரண்டு மாத நோட்டீசில் யாரும் விலகலாம். வாடகை ஏற்றுவது பற்றிக் குடியிருப்பவரிடம் நான் மட்டும்தான் பேசுவேன் (குடிக்கூலி, நன்றி). ஸ்பெஷல் பவர் அப்பா பெயரில் அனுப்பி, தீர்வையும் கட்டியாயிற்று.

புதுக் குடும்பம் மாமி குழு மூலம் கிடைத்தது. வரிப்பிடித்தம் பற்றிச் சொன்னதும் தயங்கினார்கள். கணக்குப்பிள்ளை சார் சொன்ன சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். டேன் வாங்க, தாக்கல் செய்ய ஓர் ஆடிட்டரை நானே அமர்த்தி, அந்தச் செலவை ஏற்றுக்கொண்டேன். வாடகை 23,500. நடுவில் 12 நாள்தான் வீடு பூட்டியிருந்தது.

மனைவிக்கு இன்னும் முதல் கம்பெனி மேல்தான் நம்பிக்கை. அவர்களிடம் ஆப் இருக்கிறதாம்.

#18 கணக்குப்பிள்ளை · சனி இரவு 7:00

வருடக் கடைசியில் ஆடிட்டர் காசையும் சேர்த்துக் கூட்டிப்பாருங்கள். 10 சதவீதத்தைத் தாண்டினால் இங்கே வந்து சொல்லுங்கள், மறுபடி பேசுவோம். பழைய வருடங்களுக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்யாமல் இருந்தால் அதையும் அந்த ஆடிட்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

#19 பொங்கோல்வாசி · இரண்டரை மாதம் கழித்து, வியாழன் இரவு 9:20

முதல் காலாண்டு அறிக்கை வந்தது. 23 படங்கள். பாத்ரூம் டைல்ஸ், பால்கனி கம்பி, மீட்டர் ரீடிங், கரண்ட் பில் பாக்கி இல்லை என்பதற்கு ஸ்கிரீன்ஷாட். ஒழுங்கான வேலை.

பதினேழாவது படம் சமையலறை சிங்க்குக்கு அடியில் எடுத்தது. பைப் இணைப்பில் கசிவு இல்லை என்று குறிப்பு. படத்தின் ஓரத்தில் ஒரு கை டார்ச் பிடித்துக்கொண்டிருக்கிறது. கையில் பழைய எச்எம்டி வாட்ச்.

பையனுக்குப் போன் செய்தேன். "சார், நான் போறதுக்கு முன்னாடியே ஐயா கீழே பெஞ்ச்ல உட்கார்ந்திருந்தார். 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லிட்டேன்னு வாடகைக்காரங்ககிட்ட ஒரு பேப்பரையும் காட்டினார்" என்றான்.

#20 மேடவாக்கம்_மாமி · வியாழன் இரவு 9:45

உங்கள் பிளாக் எங்களுக்கு அடுத்த தெருதானே. வந்தது எனக்குத் தெரியும். திரும்பும்போது எங்கள் சம்ப் மோட்டாரையும் பார்த்துவிட்டுத்தான் ஆட்டோ ஏறினார்.